மலையோரக் குரலில் ஒரு ஓட்டை

பெமிலா படியேறி வந்தபோது அவளுடைய குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் மாடிப்படி முழுவதும் கோடு போட்டிருந்தது. அருமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்கு வந்திருந்தாள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கமிட்டி கூடுது, மேடம். என்னை வேலையில இருந்து நீக்கப் போறாவ. பொறவு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாவளாம். நான் அந்தப் பேப்பரை வெட்டல்ல. சத்தியமா வெட்டல்ல.”

“முதல்ல இரி, பிள்ளே. எந்தப் பேப்பர்?” என்று கேட்டார் தேவகனி.

தேவகனிக்கு ஐம்பது வயது. காவல்துறையின் கைரேகைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். இப்போது நீதிமன்றச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். திருத்திய பத்திரம், கள்ளக் கையெழுத்து, சந்தேகமான உயில் என்று வக்கீல்கள் கொண்டுவரும் தாள்களை ஆராய்ந்து சொல்வது தொழில். அவருக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர் டைட்டஸ். குளச்சல்காரர், எட்டு வருடம் தோஹாவில் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கேமராவை எடுப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு.

பெமிலா சொன்ன விவரம் இது. அருமனைக்குப் பக்கத்தில் புலரி வாசகசாலை என்று ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக அவள் அங்கே உதவி நூலகர். ‘மலையோரக் குரல்’ என்ற பழைய வார இதழின் தொகுப்புகள்தான் அந்த வாசகசாலையின் பெருமை. 1974இல் தொடங்கி 1986இல் நின்றுபோன இதழ். நிலத் தகராறுகள், ரப்பர் தொழிலாளர் போராட்டங்கள், கோர்ட் வழக்குகள் என்று மலையோரத்தின் பன்னிரண்டு வருட வாழ்க்கை அதில் இருந்தது. முழுத் தொகுப்பு வேறெங்கும் கிடையாது. தாள்கள் உதிரத் தொடங்கியதால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற ஏற்பாடாகியிருந்தது. வருகிற திங்கட்கிழமை வேலை தொடங்கும்.

“சும்மா படமாட்டுப் போடுகது இல்ல, மேடம். ஒவ்வொரு எழுத்தையும் டைப் பண்ணி ஏத்துவாவ. யாருக்க பேரை அடிச்சாலும், அந்தப் பேரு வந்த பக்கம் நேரா முன்னால வந்து நிக்கும்.”

புதன்கிழமை அவள் 1979ஆம் ஆண்டுத் தொகுப்பைத் தூசி தட்டி எடுத்தாள். மே மாத இதழ் ஒன்றின் ஐந்தாம் பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. உடனே கமிட்டியிடம் சொன்னாள். பழைய பொருளடக்க நோட்டில் அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரே ஒரு குறிப்பு இருந்தது: ‘பேச்சிப்பாறை வனநிலத்தில் எஸ்டேட் மாசிலாமணி ஆக்கிரமிப்பு, வரைபடத்துடன்.’ ஓட்டை விழுந்திருந்தது வரைபடத்தின் மேல்.

மாசிலாமணி இறந்து இருபது வருடமாகிறது. ஆனால் அவருடைய பேரன் ஸ்டெனி அடுத்த மாதம் பேரூராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்பு அவருடைய ஆள் ஒருவர் வந்து அதே தொகுப்பைக் கேட்டுப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தது பெமிலா. பெமிலாவின் அண்ணனோ ஸ்டெனியின் ரப்பர் ஷெட்டில் வேலை பார்க்கிறான். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று வாசகசாலைச் செயலாளர் குமாரதாஸிடம். ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

“அண்ணனுக்க வேலைக்கு நன்றிக்கடனாக்கும் இதுன்னு கமிட்டித் தலைவர் எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. அம்மைக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல்ல,” என்றாள் பெமிலா.

“இதுல பாக்க என்ன இருக்கு, அக்கா? ஸ்டெனிக்க ஆளுதான். எலெக்‌ஷன் டைம். கிளியர் கேஸ்,” என்றார் டைட்டஸ்.

“தாளைப் பாக்காம தாளைப் பத்திப் பேசாத மக்கா,” என்றார் தேவகனி.

சனிக்கிழமை மதியம் அவர்கள் போனபோது வாசகசாலையில் ஒரே ஒரு வாசகர்தான் இருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். வடக்கே ஆஸ்பத்திரிகளில் இருபத்தேழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு நான்கு வருடத்துக்கு முன்பு ஊர் திரும்பியவர், தினமும் வருவார் என்று பெமிலா மெல்லச் சொன்னாள்.

குமாரதாஸ் உள்ளே இருந்து வந்து வரவேற்றார். போன வருடம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சுவரில் ‘மலையோரக் குரல்’ ஐந்தாம் ஆண்டு விழாப் படம் மாட்டியிருந்தது. தேவகனி அதன் முன் நின்று, கீழே அச்சிட்டிருந்த பெயர்களை வரிசையாக வாசித்தார். ஆசிரியர், அச்சுக்கோப்பவர், விளம்பரம், நீதிமன்றச் செய்தியாளர் என்று ஆறு பேர். நீதிமன்றச் செய்தியாளர், நீள மீசையுடன் இளைஞராக நின்ற குமாரதாஸ்.

“வாத்தியார் வேலைக்கு முன்னால அதிலயும் எழுதினியளா, சார்?”

“சின்ன வயசுல ஒரு ஆசை,” என்றார் அவர்.

தொகுப்பை மேஜையில் விரித்தார்கள். ஐந்தாம் பக்கத்தின் பாதியை வரைபடம் பிடித்திருந்தது. அதன் நடுவில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஓட்டை. அதற்கு இடப்பக்கம் மிஞ்சியிருந்த துண்டில் ‘மாசிலாமணி எஸ்டேட்’ என்று கொட்டை எழுத்தில் அப்படியே இருந்தது. கீழே சர்வே எண்களும் அப்படியே இருந்தன.

தேவகனி ஓட்டையின் நான்கு மூலைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கிழிசல் பரவாதபடி ஒவ்வொரு மூலையிலும் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தாளைச் சிறிதாக ஒட்டியிருந்தார்கள். பசை லேசான நீலத்தில் காய்ந்திருந்தது.

“இது யாரு ஒட்டினது?”

பெமிலா குனிந்து பார்த்தாள். “நான் இல்ல, மேடம். ஆனா பசை நம்மளதுதான். மைதாவில மயில்துத்தம் சேத்துக் காய்ச்சினா பூச்சி அரிக்காது. சார் சொல்லித் தந்தது.”

தேவகனி டார்ச் விளக்கைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். முதலில் ஏழாம் பக்கம். அது வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. பிறகு பின்னால் புரட்டி நாலாம் பக்கம். சாய்ந்த வெளிச்சத்தில் நான்கு மெல்லிய கீறல்கள் சதுரமாகத் தெரிந்தன.

“ரெண்டையும் படம் எடு, டைட்டஸ்.”

“ஏழுல ஒண்ணும் இல்லியே, அக்கா?”

“இல்லாததையும் எடு.”

குமாரதாஸ் தள்ளி நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். “எத்தனை தரம் சொன்னேன், அந்தப் பிள்ளை மேல பழி போடாதிங்கன்னு. ஆரும் கேக்கல்ல. வெறும் பத்து வரிக்கு வேண்டி ஒரு பிள்ளைக்க வாழ்க்கையைக் கெடுக்கணுமா?”

தேவகனி லென்ஸை மடக்கி உறையில் போட்டார். “ஸ்கேன் வேலை திங்கட்கிழமை தொடங்கிருமா, சார்?”

“தொடங்கணும். இதுக்காகப் பன்னிரண்டு வருசம் அலைஞ்சிருக்கேன்.”

“இதுல உள்ள எல்லாத்தையும் எல்லாரும் பாக்கலாமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். “பாக்கணும். பழைய பேப்பரைப் பூட்டி வச்சா அது செத்த பேப்பர்.”

பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது டைட்டஸ் உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். “முழு செட்டுதான் வேற இல்ல, அக்கா. ஆனா குழித்துறையில ஒரு பழைய வக்கீல் வீட்டுல கொஞ்சம் தனி இதழு கிடக்குதாம். டீக்கடையில விசாரிச்சேன். இப்பமே போனா அந்தப் பக்கத்தை எடுத்திரலாம்.”

“போகண்டாம்.”

“ஏன்?”

“ஆரு வெட்டினாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் பெமிலா நம்மட்ட வந்தா. வெட்டின துண்டுல என்ன இருந்துதுன்னு நமக்குத் தெரியண்டாம்.”

“அது தெரியாம எங்ஙன கேஸ் முடிக்க?”

தேவகனி மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அதாக்கும் எனக்க வெப்ராளமும் தவிப்பும். நாளைக்கு இருபது பேரு முன்னால பாதி உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையைக் காப்பாத்தணும். மீதிப் பாதி வெளிய வந்தா, ஒரு பாவமும் செய்யாத வேற ஒரு ஆளு அழிஞ்சு போவாங்க.”

டைட்டஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் குழித்துறை பஸ்ஸில் அவர் ஏறவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு வாசகசாலை நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் இருபது பேருக்கு மேல். ஜன்னலோர நாற்காலியில் அந்த நர்ஸ் அம்மாவும் இருந்தார். தலைவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் பெமிலாவின் முன் நகர்த்தினார்.

“நீயே எழுதிக் குடுத்திட்டுப் போயிரு. போலீஸ் வரைக்கும் கொண்டு போகண்டாம்.”

பெமிலா பேனாவைத் தொடவில்லை. அப்போது வாசலில் சத்தம் கேட்டது. நான்கு ஆட்களோடு ஸ்டெனி உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“நாலு நாளா எனக்க பேரை நாறடிக்கியளே, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டியளா?” மொபைலை எடுத்து மேஜை மேல் வைத்தார். “எனக்க ஆளு வந்தது உள்ளதுதான். வந்து படம் பிடிச்சிட்டுப் போனான். எதிராளி மேடையில கேட்டா பதில் சொல்லணும் இல்லியா? தாத்தா வளைச்ச நிலத்தை எனக்க அப்பா எண்பத்தி நாலுல திருப்பிக் குடுத்தாச்சு. அதுக்கு ரெக்கார்டு உண்டு. அந்த மேப்பை வெட்டி எனக்கு என்ன ஆவ?”

மொபைல் திரையில் ஐந்தாம் பக்கம் ஓட்டையில்லாமல் முழுசாக இருந்தது.

“அப்பம் வெட்டினது இவதான்னு ஆச்சு,” என்று தலைவர் பெமிலாவைப் பார்த்தார்.

தேவகனி எழுந்தார். தொகுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒரு நிமிசம். வெட்டின ஆளுக்கு இந்த வரைபடம் வேண்டாம். வேணும்னா, மாசிலாமணி எஸ்டேட்டுன்னு எழுதின இடத்தை விட்டு வைப்பாங்களா? சர்வே நம்பரை விட்டு வைப்பாங்களா? எல்லாரும் அஞ்சாம் பக்கத்தைப் பாத்தீங்க. தாளுக்குப் பின்னாலயும் ஒரு பக்கம் உண்டு.”

மேஜையில் கிடந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். “அஞ்சாம் பக்கத்தைப் பாத்து வெட்டினா, கத்தி தாளைத் தாண்டி அடியில இருக்கிற ஏழாம் பக்கத்துல கீறும். இந்தத் தொகுப்புல ஏழாம் பக்கத்துல கீறல் இல்ல. தாளை இப்படிப் புரட்டி ஆறாம் பக்கத்தைப் பாத்து வெட்டினா, அடியில இருக்கிறது நாலாம் பக்கம். கீறல் நாலாம் பக்கத்துலதான் இருக்கு.” டைட்டஸ் எடுத்த இரண்டு படங்களையும் தலைவர் கையில் கொடுத்தார். “ஆறாம் பக்கத்துல இருந்த ஒரு செய்திக்காக வெட்டியிருக்காங்க. வரைபடம் பின்னால இருந்ததால போச்சு, அவ்வளவுதான். இதுல ஸ்டெனிக்கும் சம்பந்தம் இல்ல, பெமிலாவுக்க அண்ணனுக்கும் சம்பந்தம் இல்ல.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஸ்டெனி முன்னால் வந்தார். “ஆறாம் பக்கத்துல என்ன செய்தி?”

தலைவர் தொகுப்பை நோக்கிக் கை நீட்டினார். தேவகனி மூடிய அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அது இந்தக் கூட்டத்துக்குத் தேவையில்ல.”

“தேவையில்லியா? எனக்க பேரை எடுத்தப்பம் எல்லாம் தேவையாட்டு இருந்துதே! இப்பம் மட்டும் ஆருக்கு வேண்டி மறைக்கிய?” ஸ்டெனியின் குரல் உயர்ந்தது. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “குழித்துறை வக்கீல் வீட்டுல காப்பி உண்டு. ஆளை விட்டு எடுத்திட்டு வாங்க. ஒரு மணிக்கூர் போதும்!” இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

டைட்டஸ் வாசல்படியில் போய் நின்றுகொண்டார். தான் விசாரித்ததால்தான் அந்தப் பேச்சு டீக்கடையிலிருந்து இங்கே வந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

“இருங்க,” என்றார் தேவகனி. குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். “ஆருன்னு சொல்லுகேன். வெட்டின ஆளு, ஓட்டைக்க மூலையெல்லாம் கிழியாம இருக்க நல்ல தாள் வச்சு ஒட்டியிருக்காங்க. வெட்டும்போது அவசரம், அடியில பலகை கூட வைக்கல்ல. ஒட்டும்போது மனசு கேக்கல்ல. இந்தப் பேப்பரை உயிரா நினைக்கிற ஆளுதான் அப்படிச் செய்வாங்க. அந்தப் பசை வைக்கத் தெரிஞ்சவங்க இங்க ரெண்டே பேரு. பெமிலாவும் மத்த எல்லாரையும் போல வரைபடம் போச்சுன்னுதான் சொன்னா. பொருளடக்க நோட்டுலயும் அதுதான் இருக்கு. ஒரே ஒரு ஆளு மட்டும் நேத்து எனக்க முன்னால, போனது ‘பத்து வரி’ன்னு சொன்னாரு. வரைபடத்துல ஏது வரி?”

அவர் யாரையும் பார்க்கவில்லை. “அவரே எழும்பினா நல்லது.”

குமாரதாஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நான் வெட்டினேன். அந்தப் பத்து வரியை எழுதினதும் நான்தான்.” “அண்ணைக்கு எனக்கு இருபத்தேழு வயசு. ஒரு ஆளுக்க பேரை, ஊரோட, அப்பனுக்க பேரோட எழுதினேன். எழுதப்பிடாததுன்னு தோணல்ல. அந்த வாரம் பேப்பர் நல்லா வித்துது. பொறவுதான் அந்த ஆளுக்கு ஊர்ல இருக்க முடியாமப் போச்சுன்னு தெரிஞ்சுது. இப்பம் அது திரும்ப எழும்பி லோகம் பூரா போகப் போகுதுன்னு நினைச்சப்பம் எனக்கு இருப்புக் கொள்ளல்ல.” பெமிலாவைப் பார்த்தார். “உன்னைச் சொன்ன அண்ணைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும், மக்களே. திறந்தா அடுத்த கேள்வி ஆருக்க பேருன்னு வரும். பயந்து போனேன். மன்னிச்சிரு.”

“ஆருக்க பேரு?” என்று கேட்டார் ஸ்டெனி.

“போலீஸ்ல குடுங்க. அதை மட்டும் சொல்ல மாட்டேன்.”

ஸ்டெனி மொபைலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். “நாலு நாள் என்னைப் பத்திப் பேசினதுக்கே எனக்கு உறக்கம் இல்ல,” என்றார் யாரிடமும் அல்லாமல். வாசலில் செருப்போடு நின்ற இரண்டு பேரிடம் திரும்பினார். “ஏலே, குழித்துறைக்கு ஒருத்தனும் போகண்டாம். போனா நான் கேப்பேன்.”

தலைவர் வெள்ளைத் தாளைப் பெமிலாவின் முன்னாலிருந்து எடுத்து மடித்தார். தப்பு நடந்து போச்சு என்று முணுமுணுத்தார். இன்னும் சத்தமாகச் சொல்லும்படி தேவகனி கேட்டுக்கொண்டார். அவர் சத்தமாகச் சொன்னார். குமாரதாஸ் செயலாளர் பதவியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் வேலை ஒரு மாதம் தள்ளிப் போடப்பட்டது.

எல்லோரும் போன பிறகும் ஜன்னலோர நாற்காலி காலியாகவில்லை. அந்த அம்மா எழுந்து மேஜைக்கு வந்தார். அவர் பெயர் இந்தக் கதையில் வராது.

“சார், அந்தத் துண்டு எங்க?”

குமாரதாஸ் டைரிக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். “எரிக்க மனசு வரல்ல. உங்களுக்காகத்தான் செய்தேன், சிஸ்டர்.”

“எனக்காகவா?” அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். “முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்ன எனக்க பேரைப் போடலாமான்னு என்னட்ட கேக்கல்ல. இப்பம் வெட்டலாமான்னும் கேக்கல்ல. நான் தினமும் இந்த ஜன்னல்கிட்டதானே இருந்தேன்?”

குமாரதாஸ் தலைகுனிந்தார்.

“இதுல எனக்க பேரு ஒரு வரி. அவனுக்கு ஏழு வருசம் ஜெயில்னு நாலு வரி. நான் கோர்ட்டுல கூண்டுல ஏறி நிண்ணு அவனுக்க மூஞ்சியைப் பாத்துச் சொன்னதுக்குக் கிடைச்சதாக்கும் அந்த ஏழு வருசம். எனக்க வீட்டுக்காரங்களே பொறவு அதைப் பத்திப் பேசல்ல. நான் தோத்து ஓடிப் போனதாட்டு எல்லாரும் நினைச்சாவ. நான் செயிச்சேன்னு சொல்ல இந்தப் பேப்பர் ஒண்ணுதான் உண்டு. அதையும் சேத்தாக்கும் வெட்டினிய.”

தேவகனிதான் மெதுவாகச் சொன்னார்: “கோர்ட் செய்தி எழுதினவரு பத்து வரியை வெட்டினா அது ஒரு பொண்ணுக்க பேருக்காகத்தான் இருக்கும்னு நேத்தே நினைச்சேன். எண்பத்தி மூணுக்குப் பொறவு இந்த மாதிரி வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணுக்க பேரு போடுகது குற்றம். சட்டம் உங்க பக்கம்தான், சிஸ்டர். இன்டர்நெட்டுல ஏத்தும்போது பேரையும் ஊரையும் மறைச்சுச் செய்தியை மட்டும் ஏத்தலாம். மூலத் தாளைப் பூட்டி வைக்கலாம். எப்பம் திறக்கணும்னு நீங்க சொல்லலாம். ஸ்கேன் தொடங்குகதுக்கு முன்ன இதையே எல்லாருக்கும் விதியா வைக்கச் சொல்லுகேன். இதுல இன்னும் எத்தனை பேரு உண்டோ!”

அந்த அம்மா யோசித்தார். “எனக்க பேரு கம்ப்யூட்டர்ல வேண்டாம். சங்கதி வரட்டு. தாளில எல்லாமே இருக்கட்டு. நான் போன பொறவு ஆரு வேணும்னாலும் பேரோட வாசிக்கட்டு.”

துண்டைப் பெமிலாவிடம் நீட்டினார். “உனக்கு ஒட்டத் தெரியுமில்லியா?”

பெமிலா பசைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தொகுப்பை ஆறாம் பக்கத்தில் விரித்து, அடியில் பலகை வைத்தாள். துண்டை ஓட்டையில் பொருத்தும்போது எழுத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துண்டு கோணலாகப் போனது.

“கண்ணைத் திருப்பிட்டு எங்ஙன ஒட்டுவ, பிள்ளே? வாசி. நானாக்கும் சொல்லுகேன்.”

பெமிலா வாசித்தாள். துண்டை நேராக்கி, நான்கு ஓரங்களையும் விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“பசை உணங்க எவ்வளவு நேரம் ஆவும்?”

“அரை மணிக்கூர்.”

“அப்பம் நான் இருக்கேன்,” என்று அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவளருகில் போட்டு உட்கார்ந்தார்.